பாட்டரிக் கணக்கைச் சரிபார்ப்பவர் யார்?

தில்லியில் கரோல் பாக் பகுதியில் கபார் மார்க்கெட் என்றொரு கடைத்தெரு உண்டு. எல்லைக் காந்தி கான் அப்துல் கபார் கானின் பெயரைத் தாங்கிய இவ்விடத்தில், தேசப் பிரிவினையில் வீடும் நிலமும் இழந்து வந்தவர்கள் கடை வைத்துப் பிழைத்தார்கள். இன்று அது கைப்பேசிகளைப் பழுதுபார்க்கும் இடமாகப் பெயர் பெற்றிருக்கிறது. குறுகிய மேஜை, பூதக்கண்ணாடி, பற்றவைக்கும் கருவி, மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீட்டர் ஆகியவையே ஒரு கடையின் மொத்தச் சொத்தாக இருப்பதும் உண்டு. இத்தகைய கடைகளில் அடிக்கடி காதில் விழும் குறை ஒன்று: புதிய பாட்டரி போட்டு ஒரு வாரம் ஆகவில்லை, திரையில் 40 சதவீதம் என்று காட்டும்போதே கைப்பேசி அணைந்துவிடுகிறது என்பதே அது. விஷயமறிந்த பழுதுபார்ப்பவர் திரையை நம்பிப் பதில் சொல்வதில்லை. மூடியைக் கழற்றி, மல்டிமீட்டரின் இரு முனைகளையும் பாட்டரியின்மீது வைத்து, எத்தனை வோல்ட் என்று பார்த்த பிறகே வாய் திறக்கிறார்.

திரை சொல்வதை விட்டுப் பாட்டரியையே கேட்கும் இந்த வழக்கம், கைப்பேசிக்குள் ஓடும் நிரலைப் பரிசீலிப்பவர்களிடமும் இருக்கவேண்டும் என்பதே நான் இங்குச் சொல்ல வந்தது.

திரையில் தோன்றும் சதவீதம் நேரே அளந்து பெற்ற அளவு அன்று. அது ஒரு மதிப்பீடு. தண்ணீர்த் தொட்டியில் கோலை விட்டுப் பார்ப்பதுபோல லிதியம் அயனி மின்கலத்தினுள் எட்டிப்பார்க்க வழியில்லை. ஆகையால், உள்ளே செல்லும் மின்னூட்டத்தையும் வெளியே வரும் மின்னூட்டத்தையும் இடைவிடாது எண்ணிக் கணக்கு வைக்கும் சிறு சில்லு ஒன்று அமைக்கப்படுகிறது. அதனை இருப்புமானி என்று அழைப்போம். பல கைப்பேசிகளில் இச்சில்லு பாட்டரியோடு சேர்ந்திராமல் கைப்பேசியின் பலகையிலேயே பதிந்திருக்கும். பழைய மின்கலத்தைக் கழற்றி எறிந்தாலும் அதன் சரித்திரம் பலகையில் தங்கிவிடுகிறது; புதிதாக வந்தது ஒருமுறை முழுதும் நிறைந்து முழுதும் வடியும் வரையில் பழையதன் அளவுகோலாலேயே அளக்கப்படுகிறது. கபார் மார்க்கெட்டில் கேட்கும் குறைக்கு இஃது ஒரு காரணம். புதிய பாட்டரியே தரக்குறைவானது என்பது மற்றொரு காரணமாகவும் இருக்கலாம். எது என்று தெரியவேண்டுமானால் மல்டிமீட்டரைத்தான் கேட்கவேண்டும்.

இருப்புமானி தரும் எண்ணைக் கைப்பேசியின் இயக்க முறைமைக்கு எடுத்துச் சொல்லும் மென்பொருளுக்குச் சாதன இயக்கி என்று பெயர். முற்காலத்தில் கம்பெனியாருக்கும் ஊராருக்கும் நடுவே நின்ற துபாஷியின் உத்தியோகம் அது. சில்லுக்கு ஒரு பாஷை, இயக்க முறைமைக்கு மற்றொரு பாஷை. இரண்டும் அறிந்தது இயக்கி மட்டுமே. துபாஷி தவறாகச் சொன்னால் இருதரத்தாருக்கும் அது தெரியாமலே போகும்.

உலகிலுள்ள கைப்பேசிகளிற் பெரும்பான்மையில் இயங்கும் ஆண்ட்ராய்டு முறைமைக்கு அடித்தளமாக இருப்பது, 1991-ஆம் ஆண்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் கெர்னல். மடிக்கணினிகள், கைப்பேசிகள் முதலியவற்றின் பாட்டரிகளை ஒரே ஒழுங்கிற்குள் கொண்டுவரும் பகுதி ஒன்று 2007-ஆம் ஆண்டில் அதில் சேர்ந்தது. அதன் விதிகளில் தலையாயது அலகுகளைப்பற்றியது. மின்னழுத்தம் மைக்ரோவோல்ட்டிலும், மின்னோட்டம் மைக்ரோஆம்பியரிலும், மின்னூட்டம் மைக்ரோஆம்பியர்-மணியிலும், வெப்பநிலை செல்சியஸ் டிகிரியின் பத்தில் ஒரு பங்கிலும் தரப்படவேண்டும். பாட்டரியிலிருந்து மின்னோட்டம் வெளியேறினால் எதிர்க்குறியும், உள்ளே ஏறினால் நேர்க்குறியும் இடவேண்டும். படிக்கும்போது இவை எளிய விதிகளாகத் தோன்றும். பிழைகள் வந்து குடியேறுவதோ பெரும்பாலும் இவ்விதிகளின் ஓரத்திலேதான்.

லினக்ஸ் கெர்னலில் எவரும் தம் இஷ்டப்படி ஒரு வரியைச் சேர்த்துவிட முடியாது. எழுதியவர் தம் திருத்தத்தை எல்லோரும் காண அனுப்பவேண்டும். அப்பகுதியைப் பராமரிப்பவரும் பிறரும் அதைப் படித்துக் கேள்வி கேட்பார்கள். எழுதியவர் பெயர் ஒரு வரியிலும், பரிசீலித்தவர் பெயர் ஒரு வரியிலும், உண்மையான கருவியில் ஓட்டிச் சோதித்தவர் பெயர் வேறொரு வரியிலும் பதிவாகலாம். பரிசீலித்தவரையும் சோதித்தவரையும் இவ்வாறு வேறு பிரித்து வைத்திருப்பது சிறந்த ஏற்பாடு என்பேன். படித்தேன் என்பது ஒரு சாட்சி. ஓட்டிப் பார்த்தேன் என்பது வேறு சாட்சி. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதன்று. ஒருவர் பெயர்த்ததை மற்றொருவர் சரிபார்ப்பது எங்கள் வழக்கம். இத்தொழிலுக்கு வந்த புதிதில் நான் ஓர் அறிக்கையில் ஒரு மில்லியன் என்பதை ஒரு லட்சம் என்று எழுதிவிட்டேன். தமிழ் வாக்கியம் தடங்கலின்றி ஓடியது; சந்திப்பிழைகூட இல்லை. சரிபார்த்த மூத்த அம்மையார் அதைச் சுழித்துக் காட்டி, "தம்பி, பிழையான தமிழைத் தமிழே காட்டிக்கொடுத்துவிடும், பிழையான எண்ணை மூலம்தான் காட்டிக்கொடுக்கும். மூலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் எதையும் பார்த்துவிட்டதாகக் கையெழுத்திடாதீர்கள்" என்றார். பாட்டரி இயக்கிக்கு மூலம் யாதெனில், சில்லைச் செய்த நிறுவனம் அச்சில்லைப்பற்றி வெளியிடும் விவரக்குறிப்பு. அதைத் திறவாமல் நிரலை மட்டும் படிப்பவர், தமிழை மட்டும் படித்த சரிபார்ப்பாளர் போன்றவர்.

ஓர் உதாரணத்தை நிதானமாகப் பார்ப்போம். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் பி.க்யூ. 27 என்னும் வரிசையைச் சேர்ந்த இருப்புமானிகள் பரவலாக உபயோகத்தில் உள்ளவை. (இந்நிறுவனம் 1985-ஆம் ஆண்டிலேயே பெங்களூரில் ஆராய்ச்சி நிலையம் அமைத்தது என்பதும் நினைவுகூரத்தக்கது.) இவ்வரிசைச் சில்லுகளிற் பலவும் வெப்பநிலையைக் கெல்வின் அலகின் பத்தில் ஒரு பங்காகத் தருகின்றன. லினக்ஸ் கேட்பதோ செல்சியஸின் பத்தில் ஒரு பங்கு. ஆகவே சில்லு தரும் எண்ணிலிருந்து 2731-ஐக் கழித்தால் போதும்; வேறு வேலை இல்லை. மே மாதத்துத் தில்லியில் வெயில்பட்ட பாட்டரி 45 டிகிரியில் இருக்கிறது என்று கொள்வோம். சில்லு 3181 என்று சொல்லும், 2731 போக 450, அதாவது 45.0 டிகிரி. கணக்கு சரியாயிற்று.

இப்போது சிரத்தையுள்ள இளைஞர் ஒருவர் இதனை எழுதுகிறார். பள்ளியில் கற்ற சூத்திரம் அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது. 3181-ஐப் பத்தால் வகுத்து 318 கெல்வின் என்று ஆக்கி, அதிலிருந்து 273-ஐக் கழித்து, 45 என்று விடை தருகிறார். பௌதிகப்படி விடை சரியே. ஆனால் அந்த 45-ஐப் பெற்றுக்கொள்ளும் மேல்நிலை மென்பொருள் அதைப் பத்தில் ஒரு பங்கு என்று வாசித்து, பாட்டரி 4.5 டிகிரியில் குளிர்ந்திருப்பதாக முடிவுசெய்கிறது. 45 டிகிரியைத் தாண்டினால் மின்னேற்றத்தைக் குறைக்கவேண்டும், அல்லது நிறுத்தவேண்டும் என்று அமைத்த காவல், உண்மையான வெப்பம் 450 டிகிரியை எட்டும் வரையில் விழிக்காது. நிரல் பிழையின்றித் தொகுக்கப்படும், கைப்பேசி இயங்கும், மின்னேற்றமும் நடக்கும். 25 டிகிரியில் வைக்கப்பட்ட சோதனை அறையில், மின்னேற்றம் நடக்கிறதா என்று மட்டும் பார்ப்பவருக்கு யாதொரு சந்தேகமும் எழாது. விவரக்குறிப்பின் அலகையும் லினக்ஸ் விதியின் அலகையும் அருகருகே எழுதிப் பார்த்த பரிசீலகர் ஒருவரே, ஒரு நிமிடத்தில் இதைப் பிடித்துவிடுவார்.

குளிர்ப்பக்கத்திலும் இதுபோன்ற பள்ளம் உண்டு. பூஜ்ய டிகிரிக்குக் கீழே லிதியம் அயனி மின்கலத்தை ஏற்றினால், லிதியம் உலோகமாகவே எதிர்முனையின்மீது படியத் தொடங்கும். நாளடைவில் அது உள்ளுக்குள்ளேயே குறுக்குச்சுற்றுக்கு வழி செய்யக்கூடும். லடாக்கில் ஒரு பாட்டரி உறைநிலைக்குக் கீழே 5 டிகிரியில் இருந்தால் சில்லு 2681 என்று சொல்லும். 2731 போக, எதிர்க்குறியுடன் 50. இவ்விடையை எதிர்க்குறி ஏற்காத 16 இருமிலக்கப் பெட்டியில் வைத்தால் அது 65486 ஆகிவிடும், அதாவது 6548.6 டிகிரி. மின்னோட்டத்திலும் இதே கதைதான். 300 மில்லிஆம்பியர் வெளியேறுகிறது என்று சில்லு எதிர்க்குறியுடன் சொல்வதைக் குறியின்றி வாசித்தால், 65236 மில்லிஆம்பியர், ஏறக்குறைய 65 ஆம்பியர், உள்ளே பாய்வதாகக் கணக்கு வரும். அந்தக் கைப்பேசி ஓர் உலைக்களமாக இருந்தாலன்றி அது சாத்தியமன்று.

இவற்றைவிட வேடிக்கையானது ஒன்று உண்டு. சில்லுக்கும் செயலிக்கும் இடையே செய்தி இரண்டு மெல்லிய கம்பிகளின் வழியே செல்கிறது. இணைப்பு தளர்ந்தால் செய்தி வராது. அப்போது லினக்ஸ், வாசிப்பு தோற்றது என்பதற்கு அடையாளமாக எதிர்க்குறியுடன் 5 என்ற எண்ணைத் தருவது ஒரு வழக்கம். அது வெப்பநிலை அன்று; விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது என்னும் முத்திரை. இயக்கியை எழுதியவர் அதைச் சோதியாமல் அதிலிருந்தும் 2731-ஐக் கழித்துவிட்டால், பாட்டரியின் வெப்பநிலை பூஜ்யத்திற்குக் கீழே 273.6 டிகிரி என்று விடை வரும். பிரபஞ்சத்தில் எப்பொருளும் 273.15-க்குக் கீழே போக இயலாது என்பது விஞ்ஞானம் கண்ட முடிவு. கெல்வின் பிரபுவின் பெயரால் அமைந்த அலகைக்கொண்டே அவருடைய தனிப்பூஜ்யத்தைத் தாண்டிவிட்ட பெருமை அவ்வியக்கிக்குச் சேரும். இப்பிழை ஒழுங்காக இணைக்கப்பட்ட புதிய கருவியில் ஒருபோதும் தோன்றாது; குண்டும் குழியுமான சாலையில் ஆறு மாதம் குலுங்கிய பிறகே தோன்றும். சோதனையால் எல்லாம் தெரிந்துவிடும் என்பவர்களுக்கு இதுவே என் பதில்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கெர்னலுக்குள் பின்னக் கணக்கு பெரும்பாலும் முழு எண்களாலேயே செய்யப்படுகிறது. 3000-இல் 1950 மிஞ்சியிருக்கிறது என்றால், முதலில் வகுத்துப் பின்பு நூறால் பெருக்கினால் விடை பூஜ்யம். முதலில் பெருக்கிப் பின்பு வகுத்தால் 65. முழுக்கொள்ளளவை இன்னும் வாசிக்காத நிலையில் அது பூஜ்யமாக இருந்தால், பூஜ்யத்தால் வகுக்க நேர்ந்து கெர்னலே நிலைகுலையலாம். மைக்ரோவோல்ட்டையும் மைக்ரோஆம்பியரையும் பெருக்கும்போது வரும் தொகை, 32 இருமிலக்கங்களில் குறியுடன் அடங்கக்கூடிய 2,147,483,647 என்னும் எல்லையை எளிதிற் கடந்துவிடும்.

இத்தனைக்கும் பரிசீலனையில் உண்மையில் அதிகம் பேசப்படுவது எது? வரி நீளமாக இருக்கிறது. பெயர் அழகாக இல்லை. வெற்றிடம் ஓரெழுத்து மிகுந்திருக்கிறது என்பன போன்றவை. இவை வேண்டாதவை என்று நான் சொல்லவில்லை. ஒழுங்கற்ற எழுத்தில் பிழை எளிதில் ஒளிந்துகொள்ளும். ஆயினும் பத்து வரித் திருத்தத்திற்கு இருபது கேள்விகளும், ஆயிரம் வரித் திருத்தத்திற்கு நன்று என்ற ஒற்றைச் சொல்லும் கிடைப்பது மனித சுபாவம். எங்கள் அறிக்கைகளுக்கும் இதே கதிதான். ஆகவே இயக்கியைச் சிறுசிறு பகுதிகளாகப் பிரித்து அனுப்பும்படி வற்புறுத்துவது பரிசீலகரின் உரிமை மட்டுமன்று, கடமையுமாகும்.

நிற்க. இது கைப்பேசியோடு முடிந்துவிடும் விஷயமானால் இவ்வளவு எழுதத் தேவையில்லை. கரோல் பாக் வீதிகளில் ஓடும் மின்சார ரிக்‌ஷாக்களிற் பலவற்றில் 12 வோல்ட் ஈய-அமிலப் பாட்டரிகள் நான்கினைத் தொடராக இணைத்து 48 வோல்ட் பெறுகிறார்கள். அவற்றின் இருப்பை ஓட்டுபவர் தம் அனுபவத்தால் அறிகிறார். நடுவே துபாஷி எவரும் இல்லை. லிதியம் பொதிகள் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டு வருகின்றன. ஒவ்வொரு பொதியினுள்ளும் மின்கலங்களைக் கண்காணிக்கும் சுற்று ஒன்றும், பலவற்றில் அதனை நடத்தும் நிரலும் இருக்கின்றன. அந்நிரலை எழுதியவரைத் தவிர வேறு எவரேனும் படித்தார்களா என்பது வாங்குபவருக்குத் தெரியாது.

2022-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வேலூரில், இரவில் வீட்டில் மின்னேற்றத்திற்கு வைத்திருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பற்றி, புகையில் சிக்கித் தந்தையும் மகளும் உயிரிழந்தனர். நிரற்பிழைதான் அதற்குக் காரணம் என்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை, சொல்லவும் மாட்டேன். அவ்வாண்டில் நாட்டின் பல இடங்களிலும் இத்தகைய தீவிபத்துக்கள் நேர்ந்ததால், மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் நிபுணர் குழு ஒன்றை நியமித்தது. அதன் பரிந்துரைகளின்மீது ஏ.ஐ.எஸ். 156 என்னும் தர விதி திருத்தப்பட்டு, முதற்கட்டம் 2022 டிசம்பர் 1 முதலும், இரண்டாம் கட்டம் 2023 மார்ச்சு 31 முதலும் அமலுக்கு வந்தது. மின்கலங்கள், பாட்டரி மேலாண்மைச் சுற்று, வாகனத்திலேயே அமைந்த மின்னேற்றி, பொதியின் அமைப்பு, உட்குறுக்குச்சுற்றால் வெப்பம் பரவுதல் ஆகியவை இத்திருத்தங்களில் இடம்பெற்றன. இவை வரவேற்கத்தக்க விதிகள்.

இவற்றோடு நான் வேண்டுவது ஒன்றே. மின்னேற்றத்தை அனுமதிக்கவும் நிறுத்தவும் முடிவெடுக்கும் நிரற்பகுதியை, அதை எழுதாத ஒருவர் விவரக்குறிப்பை அருகில் வைத்துக்கொண்டு படித்து, தம் பெயரைப் பதிவுசெய்யவேண்டும் என்பது ஒரு நிபந்தனையாக வேண்டும். பொறுப்புள்ள நிறுவனங்கள் இதைத் தாமாகவே செய்துவரலாம். அவர்களுக்கு இதனால் சுமை ஏறப்போவதில்லை. நிரல் தொழில் ரகசியம் என்று ஆட்சேபம் வரும். வெப்பநிலையைக் கெல்வினிலிருந்து செல்சியஸுக்கு மாற்றும் வரியில் என்ன ரகசியம் இருக்கக்கூடும்? எல்லாவற்றையும் உலகறிய வெளியிடவேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. பரிசோதனைக்கூடத்தின் நாற்காலியில் அமர்ந்து ஒருவர் படித்தாற்போதும். அரசாங்கம் தன் மின்னாளுகைப் பணிகளில் திறந்த மூல மென்பொருளுக்கு முதலிடம் தரும் கொள்கையை 2015-ஆம் ஆண்டிலேயே அறிவித்துவிட்டது. அலுவலகக் கணினிக்குப் பொருந்தும் நியாயம் வீட்டு வாசலில் இரவு முழுவதும் மின்னேற்றத்தில் நிற்கும் வாகனத்திற்கு ஏன் பொருந்தாது?

பொதிகளில் நிரலைச் சாராத தனிப் பாதுகாப்புச் சுற்று இருக்கிறதே என்று சிலர் கூறுவர். உண்மை, இருக்கவும் வேண்டும். ஆனால் அது கடைசிக் காவற்காரன். முன்வாசலைத் திறந்து போட்டுவிட்டு அவனை மட்டும் நம்பித் தூங்குகிறவர் இல்லை.

படிக்கப்படவேண்டியது பிழை மட்டுமன்று, முடிவுகளும்தான். பழைய பாட்டரி உள்ள சில ஐபோன்களின் வேகத்தை மென்பொருளே குறைத்துவந்ததை, 2017 டிசம்பரில் ஆப்பிள் நிறுவனம் ஒப்புக்கொண்டது. தேய்ந்த பாட்டரி திடீரென்று அணைவதைத் தடுக்கவே அவ்வாறு செய்ததாக விளக்கம் தந்தது. காரணம் நியாயமானதாக இருக்கலாம். ஆனால் கருவியை வைத்திருந்தவர்களுக்கு அது முன்கூட்டித் தெளிவாகச் சொல்லப்படவில்லை. பாட்டரியை மாற்றினாற்போதும் என்பதை அறியாமல் கைப்பேசியையே மாற்றியவர்களும் இருந்திருப்பார்கள். துபாஷி உண்மையையே சொன்னாலும், எதை மறைத்தான் என்று கேட்கவும் ஓர் ஆள் வேண்டியிருக்கிறது.

இறுதியாக, எனது தொழிலைச் சார்ந்த ஒரு விண்ணப்பம். லினக்ஸ் கெர்னலின் விதிமுறை ஆவணங்களிற் சில சீனம், ஜப்பானியம், கொரியம், இத்தாலியம், ஸ்பானியம் ஆகிய மொழிகளில் பெயர்க்கப்பட்டு, நிரலோடு சேர்த்தே வைக்கப்பட்டுள்ளன. தமிழில் அவை இடம்பெறவில்லை. சென்னையிலேயே சி-டாக் நிறுவனத்தார் பாஸ் என்னும் லினக்ஸ் முறைமையை உருவாக்கித் தமிழிலும் இயங்கச் செய்திருக்கிறார்கள்; ஆகவே ஆள் இல்லை என்று சொல்வதற்கில்லை. பாட்டரிப் பகுதியின் அலகு விதிகள் இரண்டு மூன்று பக்கங்களுக்கு மேல் வாரா. பாலிடெக்னிக்கில் படிக்கும் மாணவர் ஒருவர் அவற்றைத் தம் மொழியிற் படித்துவிட்டு, தம் கைப்பேசியில் கெர்னல் தரும் எண்களை மல்டிமீட்டர் காட்டும் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பிற்பகல் போதும். பெயர்ப்பதில் ஒரு சிக்கலை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மின்னூட்டம், மின்னேற்றம், மின்னோட்டம், மின்னழுத்தம் என்னும் நான்கும் தமிழில் ஒரே தலையெழுத்துடன் தொடங்குவதால், விரைந்து படிக்கும் கண் ஒன்றை மற்றொன்றாகக் கொள்ளக்கூடும். அவ்வாவணத்தில் ஒவ்வோர் இடத்திலும் அளவின் பெயரை அடுத்து அதன் அலகையும் எழுதிவிடவேண்டும். பக்கம் சற்று நீளும், நீளட்டும்.